நாற்பது பிள்ளைகள், மூன்று பந்துகள்

முதல் வகுப்பை நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். ஊர்களில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கான பயிற்சி அது. வந்தவர்களில் சம்பளம் வாங்குகிற கோச் ஒருவர்கூட இல்லை. கடலுக்குப் போகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், ரப்பர் பால் வெட்டுகிறவர், ஒரு பி.டி. டீச்சர். நான் காலையிலிருந்து புரொஜெக்டரை ஓட விட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், தூத்தூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"சார், எல்லாம் சரி. நாளைக்குக் காலையில என் முன்னால நாப்பது பிள்ளைய நிக்கும். மூணு பந்துதான் கெடக்கு. நான் என்ன செய்யணும்?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலை அவருடைய கடற்கரைக்கே போனேன்.

பிள்ளைகளை மூன்று வரிசையாக நிறுத்தியிருந்தார். முன்னால் நிற்கிறவன் பந்தை உருட்டிக்கொண்டு போய் உதைத்துவிட்டு வரிசையின் கடைசிக்கு வர வேண்டும். மற்றவர்கள் மணலைக் கிளறிக்கொண்டு நின்றார்கள். "ஒரு பிள்ளையை மட்டும் பாருங்கள் அண்ணே, பத்து நிமிடத்தில் எத்தனை தடவை பந்து அதன் காலில் படுகிறது என்று எண்ணுங்கள்" என்றேன். ஏழு என்றார். பிறகு கதம்பைகளை, அதாவது தேங்காய் மட்டைகளை, நட்டு மூன்று சின்னக் களங்கள் போட்டோம். களத்துக்கு இரண்டு அணி, அணிக்கு நான்கு பேர், கோல்கீப்பர் கிடையாது. மூன்று களத்துக்கும் சேர்த்து இருபத்துநான்கு பேர் ஆகிவிட்டது. மீதிப் பதினாறு பேருக்குப் பந்தே வேண்டாத ஓடிப்பிடி விளையாட்டு, அப்புறம் இடம் மாற்றம். மறுபடி எண்ணச் சொன்னேன். பாதியில் கணக்கு விட்டுப்போச்சு என்று சிரித்தார்.

சின்னப் பிள்ளைகளுக்கு நான்குக்கு நான்கு என்பது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. உலகில் பல இடங்களில் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அதை மண்டபத்தில் படமாகக் காட்டியபோது யாரும் நம்பவில்லை. மணலில் நின்று தானே எண்ணினால்தான் நம்பிக்கை வருகிறது. நமக்குச் சொல்லித்தந்த விதத்திலேயேதான் நாமும் சொல்லித்தருகிறோம். வரிசையில் நின்று வளர்ந்தவர் வரிசையில்தான் நிறுத்துவார். அதனால் வகுப்பு முழுவதையும் களத்துக்கு மாற்றினோம். நாளும் ஞாயிறானது. தேவாலயத்தில் பூசை முடிந்த பிறகு வைத்தால் கடலுக்குப் போகிறவர்களும் கரையில் இருப்பார்கள்.

பதின்வயதுப் பிள்ளைகள் பாடத்தை என் சொந்தத் தப்பிலிருந்துதான் தொடங்குவேன். வருடங்களுக்கு முன்னால் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் முட்டி வலிக்கிறது என்றான். சோம்பலில் சொல்கிறான் என்று நினைத்து மைதானத்தை இன்னும் இரண்டு சுற்று ஓட விட்டேன். முட்டிச்சில்லுக்குக் கீழே, எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் இடத்தைத் தசைநாண் இழுத்து இழுத்து வீங்க வைக்கிற ஆஸ்குட் ஷ்லாட்டர் என்ற உபாதை அது என்று பிறகு தெரிந்தது. பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதை ஒட்டியும் பையன்கள் பதினான்கை ஒட்டியும் திடீரென்று நெடுநெடுவென வளர்வார்கள். அப்போது நேற்றுவரை வந்த ஆட்டம் இன்று வராது, கால் தடுக்கும். திட்ட வேண்டிய நேரமல்ல, ஓட்டத்தைக் குறைக்க வேண்டிய நேரம். இதைச் சொன்னால், நம்ம இரவிபுத்தன்துறை ஆட்டக்காரர் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரைக்கும் போனார், குறைத்து ஓடியா போனார் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். பதினைந்து வயதிலேயே அணிக்கு ஏழு பேர் ஆடும் கேரளத்து செவன்ஸ் ஆட்டத்துக்குக் கூப்பிட்டுப்போக ஆளும் வந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் கோச் "இப்போ வேண்டாம்" என்று சொல்லப் பழக வேண்டும். இந்தப் பகுதியை நான் இன்னும் சரியாக நடத்தியதில்லை.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்கினோம். குறைவு என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளையோடு தனியாக இருக்காதே, எப்போதும் இன்னொரு பெரியவர் கண்பார்வையில் இரு, சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கூட்டம் அசையாமல் கேட்கும்.

பெரியவர்கள் கதையே வேறு. ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கிற தங்கலுக்குப் போய்விட்டு வாரக்கணக்கில் படகிலேயே இருந்தவர், கரையேறிய சாயங்காலமே மைதானத்தில் இறங்கி முழு வேகத்தில் ஓடுவார். தொடைத் தசை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். 2011-இல் இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டில் தொடங்கிய நடைப் பந்தாட்டத்தை எடுத்துச் சொன்னேன். ஓடக் கூடாது, நடந்தே ஆட வேண்டும். "நடக்கதுக்கு எதுக்கு சார் பந்து?" என்றார் ஒருவர். ஒரு தடவை ஆடிப் பார்த்ததில் அவர்தான் முதலில் ஓடி ஃபவுல் வாங்கினார். கூடவே, இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கிற சி.பி.ஆர். முதலுதவியையும் பழக்கினோம்: முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்கிற வேகம். விளையாட்டுப் பாடத்தைவிட இதைத்தான் ஊரில் போய் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

போன மாதம் அந்தப் பெரியவரின் கடற்கரைக்கு மறுபடி போனேன். கையில் ஒரு நோட்டு. முன்பக்கம் மீன் ஏலக் கணக்கு, பின்பக்கம் பிள்ளைகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பத்து நிமிடக் கணக்கு. ஒரு பெண் பிள்ளையின் வரிசையில் நான்கு, ஐந்து, நான்கு என்று போய், ஒரு நாள் மட்டும் இருபத்தொன்று என்றிருந்தது. தப்பாக எழுதிவிட்டீர்களோ என்று கேட்டேன்.

"இல்ல சார். அன்னைக்கு அவளுக்க அண்ணன் வரல்ல."