ஹெம்ப் துணியில் வேலைக் கால்சட்டை: கிழிவதில்லை, மடிப்பில்தான் அறுகிறது

முதலில் பெயர்க் குழப்பம். சாக்குக்கான நாரையும் சணல் என்கிறோம், பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பையையும் சிலர் சணல் என்கிறார்கள். இங்கே சொல்வது ஹெம்ப், அதாவது கஞ்சா இனத்தில் போதைச் சத்து மிகக் குறைந்த வகையின் தண்டு நார். தென்னாப்பிரிக்காவில் 2021இல்தான் அதை வேளாண் பயிராக அறிவித்தார்கள். பயிரிட அனுமதி வாங்க வேண்டும். டர்பனில் கைக்கு வரும் துணி இன்னும் பெரும்பாலும் சீனாவில் நெய்ததுதான்.

தைத்தது தோட்ட வேலைக்கான கால்சட்டை. வெட்டுக்கு மாதிரி, இங்கே வேலை உடை விற்கும் கடைகளில் எல்லாம் தொங்கும் கான்டி சூட்டின் (மேல்சட்டையும் கால்சட்டையும் சேர்ந்த வேலை உடை) கீழ்ப்பாதி. இடுப்பு 36 அங்குலம். துணி சதுர மீட்டருக்கு 360 கிராம், அகலம் 150 செ.மீ., நீளம் 2.6 மீட்டர். மொத்த எடை சுமார் 1.4 கிலோ.

வாங்கும்போதே ஓர் இழையை உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். நார் 3 செ.மீ.க்குள் உதிர்ந்தால், பருத்தி மெஷினில் நூற்பதற்காக நறுக்கிய நார். மென்மையாக இருக்கும், சீக்கிரம் பஞ்சாகும். 8, 10 செ.மீ. நீளத்துக்கு வந்தால் வேலை உடைக்கு ஏற்றது. லினனை ஹெம்ப் என்று தந்துவிட்டார்களோ என்ற சந்தேகத்துக்கும் வழி உண்டு. ஒற்றை நாரை நனைத்து, நுனி உங்களைப் பார்க்கும்படி பிடித்து, சூட்டில் காய விடுங்கள். காயும்போது லினன் நார் கடிகாரச் சுற்றாகத் திரும்பும், ஹெம்ப் எதிர்ச்சுற்றாகத் திரும்பும். எரித்துப் பார்த்தால் பாலியெஸ்டர் கலப்பு மட்டுமே தெரியும். ஹெம்ப், லினன், பருத்தி மூன்றும் காகிதம் போலவே எரியும்.

வெட்டுவதற்கு முன் மூன்று முறை துவைத்தோம். முதல் முறை 60 டிகிரி நீரில் 28 கிராம் சலவைச் சோடா (துணி எடையில் 2 சதவீதம்), மற்ற இரண்டும் வெறும் சோப்பு. 50 செ.மீ. சதுரமாகக் குறித்து வைத்த இடம் பாவு வாக்கில் (நீளத்தில்) 46.5 ஆகவும், ஊடை வாக்கில் (அகலத்தில்) 48.5 ஆகவும் சுருங்கியது. ஒரே ஒரு முறை துவைத்துவிட்டு வெட்டியிருந்தால் கால் நீளம் பின்னால் குறைந்திருக்கும். குளோரின் பிளீச் வேண்டாம், நாரை அரிக்கும்.

ஜீன்ஸ் ஊசி 100, தையல் நீளம் 3.5 மி.மீ. நூல் விஷயத்தில் ஒரு சமரசம்: உள்ளே பாலியெஸ்டர், மேலே பருத்தி சுற்றிய நூல். முழுப் பருத்தி நூல் வியர்வையில் நைந்து, துணிக்கு முன்பே போய்விடுகிறது. பொத்தானுக்கு மட்டும் தேன்மெழுகு பூசிய லினன் நூல், கைத்தையல். உள்கால் தையலை மடக்கி இரட்டையாகப் போட்டு, கவட்டையில் வைர வடிவில் வெட்டிய 12 செ.மீ. துணித் துண்டு ஒன்று சேர்த்தோம். நான்கு தையலும் ஒரு புள்ளியில் சந்திக்காததால் குந்தி உட்காரும்போது இழுவை பரவுகிறது. நான்கு அடுக்கு வரும் இடங்களில் மரச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்காவிட்டால் ஊசி ஒடியும்.

முதல் கால்சட்டை இருபது சலவைக்குள் முழங்காலில் அறுந்தது. உராய்ந்த நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்காலில் வைத்துத் தைத்த ஒட்டுத்துணியின் மேல் ஓரம் சரியாக மூட்டு மடங்கும் கோட்டில் விழுந்திருந்தது, அறுந்தது அந்தக் கோட்டில்தான். காரணம் நாரிலேயே இருக்கிறது. பருத்தி அறுமுன் 6, 7 சதவீதம் நீளும், ஹெம்ப் 2 சதவீதம் அளவே நீளும். இழுத்தால் பருத்தியை வெல்லும், நனைந்தால் இன்னும் வலு கூடும். ஆனால் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப மடித்தால் நார் ஒடிகிறது.

இரண்டாவதில் ஒட்டு மடங்கும் கோட்டுக்கு மேலே 10 செ.மீ., கீழே 14 செ.மீ. போகிறது. மேல் ஓரம் நேர்கோடாக இல்லாமல் வளைவு. கீழ் ஓரத்தைத் தைக்கவில்லை, மண் உதிர்ந்து விழட்டும் என்று. கால் ஓரத்தை அயர்ன் போட்டுப் பதிக்காமல் சுருட்டித் தைத்தோம். கொடியில் இடுப்புப் பட்டியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும், முழங்காலில் மடித்துப் போடக் கூடாது. ஹெம்பில் பூஞ்சணம் பிடிக்காது என்பார்கள். டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் ஈரத்தோடு சுருட்டி வைத்த துண்டில் மூன்றே நாளில் கறுப்புப் புள்ளி வந்தது.

சாயத்துக்கு வாட்டில் மரப்பட்டை, நீலகிரியில் சீகை என்பார்களே அதேதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் தோல் பதனிடும் துவர்ப்புக்காகப் பயிரானது, இப்போது ஓடைக்கரைகளை அடைத்து நிற்கிறது. அதை வெட்டினால் நிலத்துக்கு நல்லதே. துணி எடைக்குச் சமமாக 1.4 கிலோ உலர்ந்த பட்டை, 25 லிட்டர் நீர், எவர்சில்வர் பாத்திரம், ஒரு மணி நேரம் கொதி. வடிகட்டி, துணியை இரவு முழுக்க ஊறவைத்தால் இளஞ்சிவப்புச் சாயலோடு பழுப்பு பிடிக்கிறது, வெயில் பட்டால் இன்னும் சிவக்கிறது. கருஞ்சாம்பல் வேண்டுமென்றால் 14 கிராம் அன்னபேதி (இரும்பு உப்பு) கரைத்த நீரில் பத்து நிமிடம் போதும். ஆனால் இரும்பு நாளடைவில் நாரைத் தின்னும். அதனால் பாக்கெட் துண்டுகளுக்கு மட்டுமே அதைக் கொடுத்தோம், முழங்காலுக்கும் கவட்டைக்கும் கொடுக்கவில்லை.

இரண்டாவது கால்சட்டை இதுவரை 34 சலவை கண்டுவிட்டது. முழங்கால் கோட்டில் நிறம் வெளுத்திருக்கிறது, இழை ஒன்றும் அறவில்லை. அடுத்து சட்டைக் கை. முழங்கை மடிப்பிலும் இதே சிக்கல் வரும், ஆகவே ஒட்டை வெட்டும் முன் கையை மடித்துப் பார்த்துக் கோடு குறிக்க வேண்டும்.