விளக்கம் கேட்டோம், மறுப்பு என்று எழுதினார்கள்: பிறந்த குழந்தையின் ஊசிகளும் ஓர் ஒப்புதல் படிவமும்

எங்கள் முதல் குழந்தை விளவங்கோடு வட்டத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சுகப்பிரசவமாகப் பிறந்தாள். கர்ப்பத்தைப் பதிவுசெய்து ஆர்.சி.எச். எண் பெறுவது, ஸ்கேன், பிரசவம் எல்லாம் தடையின்றி நடந்தன. தொல்லை தொடங்கியது, பிரசவ அறை வாசலில் என்னிடம் நீட்டப்பட்ட ஒப்புதல் படிவத்தில்தான். வைட்டமின் கே ஊசி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான தடுப்பூசியின் முதல் தவணை, குதிகாலில் ரத்தம் எடுத்துச் செய்யும் தைராய்டு பரிசோதனை, செவித்திறன் பரிசோதனை, தேவைப்பட்டால் புட்டிப்பால் என அனைத்தும் ஆங்கிலத்தில் நெருக்கி அச்சிடப்பட்டிருந்தன. கையெழுத்துக்கு இடம் ஒன்றே ஒன்றுதான். இதை ஏற்கிறேன், அதை வேண்டாம் என்கிறேன் என்று பிரித்துச் சொல்ல அந்தத் தாளில் வழியே இல்லை.

"சிஸ்டர், வைட்டமின் கே ஊசியைப் பற்றிக் குழந்தை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாமா?" என்றுதான் கேட்டேன். "டாக்டர் காலையில்தான் வருவார் சார்" என்று தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை மருத்துவர் கையிலிருந்த கோப்பை எட்டிப் பார்த்தபோது, சிவப்பு மையில் "தந்தை மறுப்பு" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் கேட்டது ஓர் ஊசியைப் பற்றி மட்டுமே. மறுப்பு எல்லாவற்றின் மீதும் விழுந்திருந்தது. பிறந்தவுடன் போடவேண்டிய ஊசி இரவு முழுவதும் போடப்படாமல் கிடந்ததை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது.

நாங்கள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அந்த ஊசியால் ரத்தப் புற்றுநோய் வரும் என்ற வாட்ஸ்அப் செய்தி ஒன்று உறவினர் வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்னார். 1992-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வு அப்படி ஓர் ஐயத்தைக் கிளப்பியது உண்மை என்றும், அதன்பின் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் அந்தத் தொடர்பை உறுதிசெய்யவில்லை என்றும் விளக்கினார். ரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே தாயிடமிருந்து கருவுக்கு மிகக் குறைவாகவே செல்கிறது. தாய்ப்பாலிலும் அது குறைவு. ஊசி போடாத குழந்தைகளில் ஒரு லட்சத்துக்கு 4 முதல் 7 பேருக்கு, பெரும்பாலும் 2 முதல் 12 வாரத்துக்குள், முன்னறிவிப்பில்லாமல் ரத்தக்கசிவு ஏற்படலாம். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது மூளையிலேயே நிகழ்கிறது. சொட்டு மருந்தாகக் கொடுக்கலாமே என்று கேட்டேன். வாய்வழி மருந்தைப் பல தவணைகள் தவறாமல் கொடுக்கவேண்டும், ஒரு தவணை மட்டும் கொடுத்தால் பிந்தி வரும் ரத்தக்கசிவைத் தடுக்கும் என்று நம்ப முடியாது என்றார். இதே விளக்கத்தை முந்தின இரவு தொலைபேசியில் சொல்லியிருந்தால் அப்போதே கையெழுத்துப் போட்டிருப்போம். பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியை எங்கள் கண்முன் உடைத்து, 1 மில்லிகிராம் மருந்தைத் தொடையில் போட்டார்கள். குழந்தை அழுதாள், பால் கொடுத்ததும் அடங்கிவிட்டாள்.

ஹெபடைடிஸ் பி ஊசி பற்றியும் கேட்டோம். தாய்க்கு அந்தக் கிருமி இல்லை என்று பரிசோதனை சொல்லும்போது குழந்தைக்கு எதற்கு என்பது மனைவியின் கேள்வி. பரிசோதனை தவறவிடும் தொற்றும் உண்டு, வீட்டில் மற்றவர்களிடமிருந்து தொற்றும் வாய்ப்பும் உண்டு. பிறந்த பருவத்தில் தொற்றினால் 10-இல் 9 குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாக நிலைத்துவிடும் என்றார் மருத்துவர். இதை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. மருந்தைக் கரைத்தால் 4 மணி நேரத்தில் தீர்க்க வேண்டும் என்பதால், பல குழந்தைகள் சேரும் நாளில்தான் அந்தக் குப்பியைத் திறக்கிறார்கள். "பி.சி.ஜி. போடும் நாளில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் ஹெபடைடிஸ் பி-க்கு அதை ஏற்காதீர்கள், அது காத்திருக்கக் கூடாது.

ஆக, ஊசிகள் இரண்டையும் ஏற்றோம். ஆனால் மறுக்கவேண்டியவையும் இருந்தன, அவற்றை மறுத்தோம். மருந்துக் கடைச் சீட்டில் பால்மாவு டின் ஒன்று எழுதப்பட்டிருந்தது. மாதம் நிறைந்து நல்ல எடையுடன் பிறந்து, சீம்பாலை இழுத்துக் குடிக்கும் குழந்தைக்கு இது எதற்கு என்று கேட்டவுடன் அடித்துவிட்டார்கள். பால்மாவை விளம்பரப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1992 முதல் இருக்கிறது என்பதையும் சொல்லி வைத்தேன். பிறந்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம், ஒரு நாளாவது போகட்டும் என்றோம். வீட்டுப் பக்கம் வயம்பும் (வசம்பு) பொன்னும் தேனில் உரைத்துக்கொண்டு மனைவியின் பாட்டி வந்தார். "மக்களே, நாக்கில் தொட்டு வைத்தால்தான் பேச்சு தெளியும்" என்றார். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலுள்ள கிருமி வித்துகளால் தசைகள் தளர்ந்து செயலிழக்கும் கடும் நோய் வரலாம் என்பதை மருத்துவர் வாயாலேயே சொல்லவைத்தோம். ஊசிக்கு அஞ்சுகிற குடும்பங்கள் தேனுக்கு அஞ்சுவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

குதிகால் பரிசோதனையை வீட்டுக்கு அனுப்பும் முன்பே, பிறந்து ஒரு நாள் முடிவதற்குள் எடுத்துவிடப் பார்த்தார்கள். பிறந்தவுடன் எல்லாக் குழந்தைக்கும் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற சுரப்பு இயல்பாகவே உயரும், சீக்கிரம் எடுத்தால் இல்லாத தைராய்டு குறையைக் காட்டும். பிறந்து 72 மணி நேரம் ஆனபின் வருகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். அப்படியே தையல் ஆறாத மனைவியை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனால், அன்று ரத்தம் எடுப்பவர் விடுப்பு. முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டபோது "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்றவர்கள்தான். எடுப்பவரின் பெயரையும் நேரத்தையும் கேட்டு உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள். குறை இருந்தால் 2 வாரத்துக்குள் மருந்து தொடங்கவேண்டும் என்பதால் இந்த அலைச்சலில் நாள் போகவிடக் கூடாது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். கிராம சுகாதார செவிலியர் டிஸ்சார்ஜ் தாளைப் படித்துவிட்டு, "ஹெபடைடிஸ் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்களே, ஏன்?" என்று கேட்டார். மருத்துவர் அடித்துத் திருத்திய "தந்தை மறுப்பு" என்ற பழைய வரியை யாரோ அப்படியே தட்டச்சு செய்திருந்தார்கள். திரும்பப் போய்க் கேட்டால், கணினியில் ஏற்றியதை மாற்ற முடியாது என்றார் பதிவுப் பிரிவு எழுத்தர். குழந்தையின் தடுப்பூசிப் பதிவில் பொய்யான மறுப்பு நிற்கக் கூடாது என்று மருத்துவருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஊசி போட்ட நேரம், மருந்தின் தொகுதி எண் இரண்டையும் செவிலியர் குறிப்பிலிருந்து எடுத்துச் சேர்த்து, முத்திரையுடன் புதிய தாள் தந்தார்கள்; எழுத்தரால் முடியாது என்ற திருத்தம், மருத்துவர் கையொப்பமிட்டதும் சில நிமிடங்களில் முடிந்தது.

எட்டாம் மாதத்திலேயே குழந்தை மருத்துவரைப் பார்த்து, எதை ஏற்கிறீர்கள், எதைத் தள்ளிவைக்கிறீர்கள் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, அவரிடம் ஒப்பம் வாங்கிக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். படிவத்தில் "விளக்கம் கேட்டுள்ளேன், மறுக்கவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். பில் கட்டுவதற்கு முன்பே டிஸ்சார்ஜ் தாளை வரி வரியாகப் படியுங்கள்.