ரெக்கார்டிங் இல்லை என்று சொன்னேன்

கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு முடிந்து, மைக் செட்காரன் நான் வயரைச் சுருட்டும்போதுதான் வந்தார்கள். "அண்ணாச்சி, போன வருஷம் பக்கத்து ஊர்ல பதிஞ்சத ஒரு தடவ போடுங்க, இவரு மாத்திப் பாடுறாரா இல்லையான்னு தெரிஞ்சிரும்." அழிந்துவிட்டது என்றேன். அழியவில்லை, லேப்டாப்பில்தான் இருந்தது.

கேட்டவர்கள் அன்றைக்குப் பாடியவரின் ரசிகர்கள் இல்லை, இன்னொரு அண்ணாவியின் ரசிகர்கள். வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகரைத்தான் அண்ணாவி என்போம். இரண்டு அண்ணாவிகளும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள், பார்த்தால் ஒன்றாக டீ குடிப்பார்கள். சண்டையெல்லாம் பைக்கில் ஊர் ஊராக வரும் பையன்களுக்குத்தான். வில்லில் அடிக்கும் வீசுகோலை யார் எப்படி வீசுகிறார், குடம் அடிப்பவர் எந்த செட்டிலிருந்து வந்தவர், எல்லாவற்றுக்கும் கட்சி உண்டு.

வில்லுப்பாட்டு அப்படி ஒரே மாதிரி நிற்கிற பாட்டு இல்லை என்பது என் நியாயம். சாமி வரத் தாமதமானால் அண்ணாவி கதையை இழுப்பார், அருள் ஏறிவிட்டால் பத்து வரியை விட்டுவிட்டு உடுக்கையோடு போய்விடுவார். ஒரு ராத்திரி பாடியதை நான் பதிந்து பென்டிரைவில் கொடுக்க, அதையே வேதவாக்காக வைத்துக்கொண்டு அடுத்த ராத்திரி பாடுகிறவரைப் பிடித்து நிறுத்துவது என்ன ரசனை? அதனால்தான் போடவில்லை. அடிதடி ஆகியிருக்கும் என்பதும் உண்மைதான்.

ஆனால் அன்றைக்குப் பேச்சு விட்டுப்போன வரியைப் பற்றி இல்லை. முத்துப்பட்டன் கதையில் பட்டன் கட்டிய பொம்மக்காவும் திம்மக்காவும் யார் பிள்ளைகள் என்பது. அருந்ததியரான வாலப்பகடை பெற்ற மகள்கள் என்று போன வருஷம் பாடியவர், இந்த ஊரில் காட்டில் கண்டெடுத்த பிராமணக் குழந்தைகள் என்று பாடினார். இது சின்ன விஷயமா? பிராமணனான பட்டன் பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து அருந்ததியர் வீட்டுப் பெண்களைக் கட்டினான் என்பதுதானே கதை. பாபநாசம் மலைக்காட்டிலுள்ள சொரிமுத்தையனார் கோயிலில், பட்டவராயன் என்று கும்பிடப்படும் அந்தப் பட்டனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. கண்டெடுத்த கதை சாதியை மறைக்கப் பின்னால் சேர்த்தது என்று நாட்டார் கதைப்பாடல்களைத் தொகுத்த ஆய்வாளர் நா. வானமாமலை எழுதியிருக்கிறார். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் ரசிகர் சண்டை என்று ஒதுக்கிவிட்டேன். மாறிக்கொண்டே இருப்பதுதான் உயிருள்ள பாட்டு என்று நான் பெருமையாகச் சொல்கிறேனே, யாருக்காக மாறுகிறது என்று அந்தப் பையன்களாவது கேட்டார்கள். அதையும் தங்கள் அண்ணாவி ஜெயிக்கத்தான் கேட்டார்களோ என்னவோ.

அவர்கள் போனதும் அண்ணாவி வந்தார். "போட்டிருக்கலாம் தம்பி," என்றார்.

"உங்களுக்குத்தான அண்ணாவி சங்கடம்?"

"நான் ரெண்டையுந்தான் பாடிருக்கேன். கொடை குடுக்க ஊரப் பாக்கணும்லா."

அந்த 'போட்டிருக்கலாம்' என்னை விடமாட்டேன் என்கிறது. நிஜமாகவே சொன்னாரா, நான் மறைத்ததற்கு மரியாதைக்குச் சொன்னாரா? ஊரின் முன்னால் அவராகப் பாட முடியாததை என் ஸ்பீக்கர் பாடியிருக்கலாம் என்று நினைத்தாரா? அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இல்லை, ஆனால் நினைக்காமலும் இருக்க முடியவில்லை. அடுத்த வருஷக் கொடைக்கு அவருக்கு அட்வான்ஸ் கொடுக்கப்போவது இந்த ஊர்க் கமிட்டி. எனக்கும் அவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

அந்தப் பையன்களில் ஒருவன் போன வாரம் திரும்பவும் போன் பண்ணினான். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.