நாவலடியில் ஒதுங்கிய சப்பாத்து

1942 ஏப்ரல் 9. ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதில் பிரித்தானியரின் ஹெர்மிஸ் கப்பல் எங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கி, 307 பேர் இறந்தார்கள். விமானந்தாங்கிக் கப்பல்தான், அன்று அதில் ஒரு போர்விமானமும் இல்லை! இன்றும் அங்கேதான் கிடக்கிறது, சுமார் 50 மீட்டர் ஆழத்தில்.

சில நாள் கழித்து, நாவலடிக் கரையில் ஒற்றைச் சப்பாத்து ஒதுங்கியதாக அம்மப்பா சொல்வார். கறுப்புத் தோல், நாடா கட்டியபடியே இருந்ததாம். “இளம் அதிகாரியுடையது, கால் சிறியது” என்று சாண் விரித்துக் காட்டுவார். அதிகாரி என்பதை எப்படிக் கண்டாரோ! அவருடைய தாயார் அதைக் கழுவி, கிணற்றடிப் பூவரசின் கீழே புதைத்தாராம்.

2004 சுனாமியில் அந்தப் பூவரசும் போய்விட்டது.