இருமல் இல்லாத நாளிலும் இன்ஹேலர்

எங்கள் மகனுக்கு இருப்பது ஆஸ்துமாதான் என்று குழந்தைகள் நல மருத்துவர் உறுதியாகச் சொன்னபோது அவனுக்கு நான்கு வயது. அதுவரை இரண்டு ஆண்டுகளாக, சளி பிடிக்கும்போதெல்லாம் வரும் 'வீசிங்' என்று நினைத்து, சிரப்பும் நெபுலைசருமாகவே காலத்தை ஓட்டியிருந்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு இருமிக்கொண்டே எழுந்து உட்காருவான். ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்குவதை மொபைல் வெளிச்சத்தில் பார்த்தபடி, எப்போது விடியும் என்று காத்திருந்திருக்கிறேன். அப்படி உள்வாங்கினால் விடியும்வரை காத்திருக்கவே கூடாது என்பது அன்று எனக்குத் தெரியாது.

இன்ஹேலர் என்றதும், "பழகிப்போயிடும், அப்புறம் விட முடியாதும்மா" என்று என் மாமியார் கலங்கினார். எனக்கும் அதே பயம்தான். மருத்துவர் ஒரு கணக்குச் சொல்லி அதைப் போக்கினார்: நாங்கள் கொடுத்துவந்த சால்பியூட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம் மருந்து, இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. அது நேராக மூச்சுக்குழாய்க்கே போவதால் அவ்வளவு குறைவாக இருந்தாலே போதுமாம்.

ஆனால் நாங்கள் சறுக்கியது வேறோர் இடத்தில். சால்பியூட்டமால் உள்ள நீல நிற இன்ஹேலர் இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைப்பதோ தினமும் இரண்டு வேளை எடுக்கும் புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். அதன் பலன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மாதம் இருமலே இல்லாமல் பிள்ளை ஓடியாடவும், ஸ்டீராய்டு ஆயிற்றே, வளர்த்தி நின்றுவிடுமோ என்று பயந்து, யாரையும் கேட்காமல் நாங்களே நிறுத்திவிட்டோம். மார்கழிப் பனியில் மெல்லத் தொடங்கிய இருமல், போகிப் புகையில் முற்றி, பொங்கலன்று அவனை ஆக்சிஜனுடன் மருத்துவமனைப் படுக்கையில் கிடத்தியது. உயரம் குறைந்தாலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் குறையும் என்பதை அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இன்ஹேலரைப் பொருத்தி மருந்தை மூச்சிழுக்க உதவும் பிளாஸ்டிக் குழலான ஸ்பேசரையும் தவறாகவே பயன்படுத்தியிருக்கிறோம். இரண்டு பஃப்பை ஒன்றாக அடித்துவிடுவேன். கழுவியதும் துணியால் அழுத்தித் துடைப்பேன். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று செவிலியர் ஒருவர் காட்டிக்கொடுத்தார். இப்போது சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலரவிடுகிறோம். குலுக்கி, ஒரு பஃப் அடித்து, ஸ்பேசர் வழியாக ஆறு முறை மூச்சை இழுத்து விட்டு, மறுபடி குலுக்கித்தான் அடுத்தது. முடிந்ததும் வாய் கொப்பளிப்பான்.

கொசுவத்தி அன்றே நின்றது. எண்ணெய் தேய்த்துக் குளித்த பேரனுக்குச் சாம்பிராணி காட்டுவதை மாமியார் தாமாகவே விட்டுவிட்டார். அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். பள்ளியில் இன்ஹேலரை அலுவலக அலமாரியில் பூட்டி வைத்திருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று முறை நேரில் போய்ப் பேசிய பிறகே அது வகுப்பாசிரியரின் மேசைக்கு வந்தது.

அவனுக்கு இப்போது ஏழு வயது. ஸ்பேசரை வாயில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விரலாக மடக்கி அவனே எண்ணிக்கொள்கிறான். மூன்று மாதமாக ஓர் இரவுகூட இருமவில்லை. மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்று இம்முறை மருத்துவரிடமே கேட்டோம். பனிக்காலம் போகட்டும், மாசியில் பார்க்கலாம் என்றிருக்கிறார்.