ஒன்ராறியோ என்று எழுதியிருந்த எஞ்சின்

1991 மாசியில் ரொறன்ரோ வந்தேன். ஸ்காபுரோவில் ஒரு பேஸ்மென்றில் நாலு பெடியள். யூனியன் ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிற வேலை. முதல்நாள் விடியக்காலை, நகரத்துக்கும் புறநகருக்கும் ஓடுகிற 'கோ' ரெயினுக்காக எக்ளிங்டன் ஸ்ரேசனில் சினோவுக்குள் விறைத்துக்கொண்டு நின்றேன்.

பச்சையும் வெள்ளையுமாய் மாடிப் பெட்டிகள் வந்தன. எஞ்சினைக் காணவில்லை. முதல் பெட்டியின் மூக்குக்குள் றைவர் இருக்கிறார். ஊரில், பாதை முடிகிற காங்கேசன்துறையில் எஞ்சினைக் கழற்றி மற்ற முனைக்குக் கொண்டுபோய்க் கொழுவுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே அந்த வேலையே இல்லை. எஞ்சின் பெரும்பாலும் கிழக்கு முனையில்தான். நகரத்துக்குப் போகையில் பின்னுக்கு நின்று தள்ளும், திரும்பி வருகையில் இழுக்கும்.

கடைசியில் வந்த எஞ்சின் எனக்கு நேரே நின்று உறுமியது. எனக்குக் குளிர் மறந்துபோச்சுது. அது யாழ்தேவியின் சத்தம், எங்கள் ஊருக்கு வந்த கொழும்பு ரெயினின் சத்தம்!

சரியாகச் சொன்னால், அதன் பேரனின் சத்தம். சின்ன வயதில் கொடிகாமம் ஸ்ரேசனில் யாழ்தேவிக்குக் காத்திருப்போம். அதை இழுத்த எம்2 வகை டீசல் எஞ்சின் ஒன்றின் பக்கத்தில் இருந்த ஆங்கில எழுத்துகளை அப்பா எழுத்துக்கூட்டச் சொல்லித் தந்தார்: ஒன்ராறியோ. 1954 முதல் கொழும்புத் திட்டம் என்ற நாடுகளின் உதவித் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த எஞ்சின்கள் அவை. பலவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். 569ஆம் இலக்கம்தான் ஒன்ராறியோ. அவை ரொறன்ரோ இருக்கிற இதே ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரத்தில் செய்தவை. நான் பார்த்த கோ எஞ்சின், எஃப்59, அதுவும் அதே பக்ரறிப் பிள்ளை.

சத்தம் ஒத்துப்போக இன்னொரு காரணமும் உண்டு. எம்2-க்குள் இருப்பது 567 வகை டீசல், 12 சிலிண்டர், 1425 குதிரைவலு. அந்த இலக்கம் ஒரு சிலிண்டரின் கன அங்குல அளவு. அது 645 ஆகி, பிறகு 710 ஆனது. எஃப்59-க்குள் இருப்பது அந்த 710, அதுவும் 12 சிலிண்டர்தான், வலு 3000. மூன்றுமே இரண்டு வீச்சு எஞ்சின்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கிறதால் அந்த இடைவிடாத முரல் வரும். இதையெல்லாம் பிறகுதான் வாசித்தறிந்தேன். அன்றைக்குக் காது மட்டும்தான் சொன்னது.

ஊரில் அப்போது ரெயினே இல்லை. போரால் 1990 ஆனியோடு நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டன. யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரெயின் வந்தது 2014 ஐப்பசியில்.

2008 அளவில் கோ ரெயினுக்கு எம்பி40 என்ற புது எஞ்சின் வந்தது. 16 சிலிண்டர், 4000 குதிரைவலு. பத்துப் பெட்டி பன்னிரண்டாகியது. நல்ல எஞ்சின்தான், ஆனால் மூஞ்சி எனக்குப் பிடிக்கவில்லை. லண்டன் பக்ரறியை 2012-ல் மூடிவிட்டார்கள்.

இப்போது பென்சன் வாழ்க்கை. மனுசி பால் வாங்க அனுப்பினால் ரூஜ் ஹில் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வருவேன். அங்கே தண்டவாளம் ஏரிக்கரையோடு ஓடும். பாலை மறந்து வீடு திரும்பிய நாளும் உண்டு.