943ஆம் போர்ட்டில் ஒரு காவலாளி

2010 வாக்கில் ஒரு நிறுவனத்துக்காகப் பங்கு விலைகளை உடனுக்குடன் காட்டும் திரையைச் சில்வர்லைட்டில் (பிரவுசருக்குள் நிரல்களை ஓட்டிய மைக்ரோசாஃப்ட் செருகுநிரல்) எழுதிக்கொண்டிருந்தேன். விலைகளை அனுப்பும் சர்வர் 4502ஆம் போர்ட்டில் (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) தயாராக இருந்தது. சில்வர்லைட் 4502 முதல் 4534 வரையிலான போர்ட்டுகளுக்கு மட்டுமே அனுமதி தந்ததால் அந்த எண். டெஸ்க்டாப் நிரலிலிருந்து இணைத்தால் விலைகள் கொட்டின. பிரவுசரிலிருந்து இணைத்தால் 'ஆக்சஸ் டினைட்'. சர்வரின் லாக்கில் (பதிவேட்டில்) யாரும் வந்துபோன சுவடே இல்லை.

சுவடு இல்லாததுதான் துப்பு. 4502ஐத் தொடுவதற்கு முன்பே சில்வர்லைட் சர்வர் இருக்கும் கணினியின் 943ஆம் போர்ட்டுக்குப் போய் அனுமதி கேட்டது. அங்கே பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் அத்தோடு சரி. இந்தக் கெடுபிடிக்கு நியாயம் உண்டு: வலைப்பக்கத்தோடு வரும் நிரல் ஓடுவது பயனரின் கணினியில், அலுவலக ஃபயர்வால் என்ற தடுப்புச்சுவருக்கு உள்ளே. கட்டுப்பாடு இல்லாவிட்டால் எவரோ எழுதிய பக்கம் உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் வரை கதவு தட்டிப் பார்க்கும்.

ஆகவே 943இல் உட்கார ஒரு சின்ன டிசிபி (கணினிகள் பைட்டுகளை வரிசையாகப் பரிமாறும் இணைப்பு முறை) சர்வரை சி ஷார்ப் மொழியில் எழுதினேன். வேலை எளியது. வருபவர், அதாவது சில்வர்லைட், 22 எழுத்துகள் கொண்ட ஒரு கோரிக்கையை அனுப்புவார். சரிபார்த்து, எந்தத் தளத்துக்கு எந்தப் போர்ட்டுகள் என்று சொல்லும் எக்ஸ்எம்எல் கொள்கைக் கோப்பை அனுப்பிவிட்டு இணைப்பை மூட வேண்டும். அதே போன்ற இன்னொரு செருகுநிரலான ஃபிளாஷும் 843ஆம் போர்ட்டில் இதையேதான் கேட்டது. ஆனால் அதன் கோரிக்கை முடிவில் ஒரு சுழிய பைட் இருந்தது, பதிலிலும் அதை எதிர்பார்த்தது. இரண்டுக்கும் ஒரே நிரலை வைக்க நினைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டியிருந்தது.

இணையத்தில் கிடைத்த மாதிரிகள் சில, ஒரே வாசிப்பில் 22 பைட்டும் வந்துவிடும் என்று நம்பியிருந்தன. டிசிபி அப்படி எந்த வாக்கும் தருவதில்லை. விண்டோஸ் டெல்நெட்டில் 943ஐத் திறந்து கோரிக்கையைக் கையால் தட்டிப் பாருங்கள்: ஒவ்வொரு விசைக்கும் ஒரு பைட்டாகப் போய்ச் சேரும். அந்த மாதிரிகள் முதல் எழுத்திலேயே 'தவறான கோரிக்கை' என்று இணைப்பைத் துண்டித்துவிடும். 22ஐயும் சேர்க்கும்வரை சுற்றிச் சுற்றி வாசிப்பதே சரி. வந்துவிட்டு வாயே திறக்காதவர்களுக்காகச் சில வினாடிக் காலக்கெடுவும் வைத்தேன். இல்லாவிட்டால் அவர்கள் ஆளுக்கொரு திரெட்டை (சர்வரின் இயங்கு இழையை) பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

கொள்கைக் கோப்பில் எல்லாத் தளங்களுக்கும் நட்சத்திரக் குறி போட்டுவிடும் பழக்கம் அப்போது பரவலாக இருந்தது. எனக்கு அது பிடிக்காது. காவலாளியை நிறுத்திவிட்டுக் கதவைக் கழற்றி வைப்பதில் என்ன பயன்? எங்கள் தளத்தின் முகவரி, 4502 என்ற ஒரே போர்ட், அவ்வளவுதான் எழுதினேன். பிறகு அந்தக் காவலாளி நிரலைப் பின்னணியில் ஓடும் விண்டோஸ் சர்வீஸாக நிறுவி, ஃபயர்வாலில் இரண்டு போர்ட்டுகளையும் திறந்ததும் பிரவுசரில் விலைகள் ஓடத் தொடங்கின.

வாடிக்கையாளர்களின் அலுவலகங்களில்தான் வழக்கு நீண்டது. சாதாரண வலைப்பக்கங்களுக்கான 80, 443 போர்ட்டுகள் தவிர வெளியே போகும் வழிகளை அடைத்து வைத்திருந்த இடங்களில் 943உம் போகவில்லை, 4502உம் போகவில்லை. சில்வர்லைட் 4 வந்தபோது கொள்கைக் கோப்பை 80ஆம் போர்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்ள வழி கிடைத்தது. 4502 சிக்கல் அப்படியே இருந்தது. அந்த அலுவலகங்களுக்கு மட்டும் சில வினாடிகளுக்கு ஒருமுறை சாதாரண எச்டிடிபியில் விலை கேட்கும் மாற்று வழியை எழுதிக் கொடுத்தேன்.